ஆளில்லாத போட்டோ

செப்டம்பர் 15, ஞாயிறு

பூவனலிங்கம் அண்ணாச்சி ஸ்டூடியோவுக்கு வந்திருந்தார். கழுகுமலைக்காரர், கல்யாணத் தரகர். பெஞ்சில் உட்காரவில்லை, காபியும் வேண்டாம் என்றார். இரண்டும் கோபத்தின் அடையாளம். மஞ்சப்பையைக் கவிழ்த்துப் பெண்பிள்ளைகளின் போட்டோக்களைக் கவுண்டரில் பரப்பினார். எல்லாம் நான் எடுத்தவை. எல்லாரும் நம் செவப்பு மர ஸ்கிரீனுக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

ஏதோ குளிர்தேசத்து ஏரி அது. கரையெல்லாம் ரத்தச் சிவப்பில் மரங்கள், தண்ணீருக்குள்ளும் அதே மரங்கள் தலைகீழாக. ஒரு காலண்டரைப் பார்த்து ஆசைப்பட்டு சிவகாசியில் ஃபிளக்ஸ் அடித்து வாங்கி வந்தேன். கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஏரிக்கரையில் நிற்காமல் வாக்கப்பட்டுப் போன பெண்கள் குறைவு.

விஷயம் என்னவென்றால், விளாத்திகுளம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். அந்தக் குளத்துப் பாசனத்தில் பெண் வீட்டுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டார்களாம். அண்ணாச்சி எப்படியோ சமாளித்துப் பெண் பார்க்கக் கூட்டிப் போயிருக்கிறார். காபி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டார். குளம் இல்லை என்று தெரிந்ததும் சம்பந்தமும் இல்லை என்று ஆகிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வாசல் வரைக்கும் போன அண்ணாச்சி திரும்பி வந்து, "ஊருக்கெல்லாம் எடுக்கீரு. உம்ம மகளுக்கு இருபத்தாறு ஆச்சுல்லா? ஜாதகம் குடுத்தீரு, போட்டோ எங்க வே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

செப்டம்பர் 16, திங்கள்

மகள் பிரித்திகா லேபிலிருந்து வந்ததும் கேட்டேன். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊசி குத்திவிட்டு வருகிற பிள்ளையிடம் வாசலிலேயே கேட்டிருக்க வேண்டாம்.

"அந்த ஏரி முன்னால நான் நிக்க மாட்டேம்பா. எங்க செட்டு பிள்ளைய எல்லாத்தையும் ஒரே சுவத்துல ஆணியடிச்சு மாட்டுன மாதிரி இருக்கு."

சரி, நீல ஸ்கிரீன் வைத்து எடுப்போம் என்றேன். அது ரேஷன் கார்டுக்குத்தான் லாயக்கு என்றாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: நிஜமான ஏரி ஒன்றை, நம்ம பக்கத்து ஏரியை, நானே போய் எடுத்து ஸ்கிரீனாக அடித்து மாட்ட வேண்டும். அதன் முன்னால் நிற்பாள். இந்தச் சீமையில் ஏரிக்கு எங்கே போவது என்று என் வீட்டுக்காரி சுந்தரம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். அது அப்பா பாடு என்றாள் பிரித்திகா.

நான் சரி என்றுவிட்டேன். எப்போதும் என் வாய்தான் முந்திக்கொள்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சுந்தரம்மாள் பிறந்த ஊருக்குப் போனேன். கழுகுமலை ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். அங்கே ஒரு கண்மாய் இருக்கிறது. ஏரி என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. என் மச்சினன் தங்கச்சாமி கூடவே வந்தான். ஆடு வளர்க்கிறான், மானாவாரி வெள்ளாமையும் பார்க்கிறான், மிச்ச நேரத்தில் எனக்கு யோசனை சொல்கிறான்.

கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் கிரிக்கெட் பிட்ச். சுற்றிலும் சீமைக்கருவேலம். பரவாயில்லை, கைப்பழக்கத்துக்கு ஆகட்டும் என்று கேமரா ஸ்டாண்டை நட்டேன். தங்கச்சாமி முன்னால் வந்து நின்று தலையைக் கோதினான். தள்ளிப் போகச் சொன்னேன். இன்னொரு பக்கம் போய் நின்று கோதினான். ஆள் வேண்டாம், வெறும் கண்மாய்தான் வேண்டும் என்று விளக்கினேன். அவனுக்கு அது பிடிபடவே இல்லை.

"ஆளில்லாத போட்டோ என்னத்துக்கு அத்தான்? எழவு வீட்லகூட நாலு பேர நிக்க வச்சுத்தான எடுக்கீய?"

யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் ஆள் இல்லாமல் ஒரு படம்கூட நான் எடுத்ததில்லை. பழக்கதோஷம், பட்டனை அமுக்கும்போது கரையில் நின்ற பனைமரத்தைப் பார்த்து, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க என்று சொல்லிவிட்டேன். தங்கச்சாமி காதில் விழுந்துவிட்டது. இந்நேரம் ஊரெல்லாம் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபண்ணினேன். மண் ரொம்பக் கறுத்திருந்தது, கொஞ்சம் வெளுப்பாக்கினேன். வெடிப்பையெல்லாம் மழமழவென்று ஆக்கினேன். கல்யாணப் பெண்ணின் முகத்துக்குச் செய்கிற வேலை, கை தானாகவே செய்தது. தங்கச்சாமிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கரிசலச் செவல் மண்ணாக்கிட்டீயளே அத்தான். இதுல பருத்தி வெளையுமா?"

அவன் மண்ணை நான் திருடிவிட்டது போலப் பேசினான். பக்கத்தில் இருந்து கேட்ட பிரித்திகா, மண்ணை வெளுத்ததற்கு மாமா சண்டைக்கு வருகிறார், எங்கள் மூஞ்சியை வெளுத்தபோது ஒருவரும் வரவில்லையே என்றாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு, இது ஏரி இல்லை, பொட்டல், தண்ணீர் வரட்டும், நிற்கிறேன் என்றாள். சந்தோஷமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் சுந்தரம்மாள் சொன்னாள்: "அவ உங்கள நல்லா ஏய்க்கா. அந்தக் கம்மா முழுசாப் பெருகி எத்தனை வருசமாச்சு? பெருகாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டிருக்கா."

ஓகோ.

செப்டம்பர் 25, புதன்

பெருகும். பார்த்துவிடுவோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

இயற்கைக் காட்சி எடுப்பது எப்படி என்று செல்போனில் ஒரு ஆள் பாடம் நடத்துகிறார். தாடிக்காரர். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கிறேன். ஏரியை எடுக்க இலையுதிர்காலம்தான் உசத்தி என்கிறார். அது எந்த மாதம் என்று பிரித்திகாவைக் கேட்டேன். அங்கெல்லாம் செப்டம்பர், அக்டோபரில் இலை பழுத்துச் சிவந்து கொட்டும் என்றாள்.

நமக்கு அது புரட்டாசி, ஐப்பசி. இங்கே இப்போதுதான் விதைக்கிறார்கள். வேப்பிலை மாசியில் கொட்டும், அதையும் யாரும் போட்டோ எடுப்பதில்லை, பெருக்கிக் குப்பையில்தான் தள்ளுவார்கள். நம் ஊர் இலையுதிர்காலத்தில் உதிர்வது என்னதான் என்று சுந்தரம்மாளிடம் கேட்டேன். என் தலைமுடி என்றாள். சீப்பையும் காட்டினாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

மானம் போனது.

போன வாரம் எடுத்த காதுகுத்து ஆல்பத்தை வாங்க வெயிலம்மாள் வீட்டார் வந்தார்கள். வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். நானும் கொடுத்திருக்கிறேன். எடுக்கும்போது உணரவே இல்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனுக்கு நெற்றி மட்டும் இருக்கிறது. அதற்கு மேலே அருமையான மேகம். எனக்கு எவ்வளவு பெரிய மாலை போட்டார்கள், அது எங்கே என்று அவர் ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தையையும் காணோம். குழந்தையின் ஆச்சி வெயிலம்மாள் மேகத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்து, மழை வருமாட்டு இருக்கு என்றாள்.

மறுபடி மொட்டை மாடியில் உட்கார வைத்து எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினேன். குழந்தைக்கு மறுபடி காது குத்த முடியாது. அழுகிற மாதிரி நடிக்கவும் அதற்குத் தெரியாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காலையிலிருந்து அடைமழை. தெருவில் எல்லார் வெடியும் நமுத்துப்போனது. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அதிரசம் தின்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கண்மாய்க்கு வண்டியில் போனேன். போனேன் என்று சொல்ல முடியாது. ரோட்டிலிருந்து மண்பாதையில் இறங்கிய சற்று நேரத்தில் ஈரக் கரிசல் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிச் சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டி எடுத்தேன். நாலடி போனதும் மறுபடி அப்பியது. வண்டியைக் கம்மங்காட்டு ஓரம் சாய்த்துப் போட்டுவிட்டு நடந்தேன். செருப்பில் மண் ஒட்டி ஒட்டிக் கண்மாய்க் கரை வருவதற்குள் நான் ஒரு முழம் வளர்ந்திருந்தேன்.

தண்ணீர் வந்திருக்கிறது. கிரிக்கெட் பிட்ச் முங்கிவிட்டது. ஸ்டெம்ப் ஒன்று மட்டும் மேலே தெரிகிறது, அதன் மேல் ஒரு மீன்கொத்தி. நான் ஸ்டாண்டை விரிப்பதற்குள் பறந்துவிட்டது. அதனிடமும் அப்படியே இருங்க என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

முக்கால் கண்மாய். தினமும் விடியற்காலையில் போய்விடுகிறேன். தினமும் ஒருவர் படத்துக்குள் வந்துவிடுகிறார். திங்கள் எருமை. செவ்வாய் எருமைக்குச் சொந்தக்காரர், கோவணத்தோடு. மற்ற நாளெல்லாம் துணி துவைக்கிற பெண்கள். அவர்களுக்கு நான் அங்கே நிற்பது பிடிக்கவில்லை, அது நியாயம்தான். கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கண்மாய் பிடித்துப்போய்விட்டது. யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டாம். யாரும் கண்ணை மூட மாட்டார்கள். நான் ஒல்லியாகத் தெரியணும் அண்ணாச்சி என்று கேட்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம், கூலி இல்லை, கோளாறும் இல்லை.

வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினால் சுந்தரம்மாள், இதை எதுக்கு எடுக்கியன்னு ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். எனக்கு உடனே சொல்ல வரவில்லை.

பிரித்திகா போட்டோவுக்கு.

அதாவது, படம் நன்றாக வந்தால் அவள் நிற்பாள். நின்றால் போட்டோ அண்ணாச்சி பைக்குள் போகும். பிறகு அவளும் போய்விடுவாள். இதை யோசித்ததும் இன்றைக்கு எடுத்ததெல்லாம் சுமார்தான் என்று தோன்றிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

அண்ணாச்சி போன். ஒரு இடம் ஜாதகம் நன்றாகப் பொருந்தி இருக்கிறதாம். போட்டோ ஒன்றுதான் பாக்கி. எடுத்துக்கிட்டே இருக்கேன் என்றேன். பொய் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

கலுங்கு பாய்கிறது! தங்கச்சாமி காலையிலேயே கூப்பிட்டான். கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்தான் கலுங்கு. அது பாய்ந்தால் கரையில் பொங்கல் வைப்பது அந்த ஊர் வழக்கம். அதனால் சாயங்காலம் ஊரே கரையில் நின்றது. சுந்தரம்மாளும் பிரித்திகாவும் வந்தார்கள். லீவு நாள், தண்ணீர் பார்க்க வந்தேன் என்றாள் பிரித்திகா. அவள் முகத்தில் லேசான கலக்கம். பெருகாது என்று நம்பியிருந்த கண்மாய் அல்லவா.

நான் ஸ்டாண்டை நட்டதுதான் தாமதம், ஊர் முழுக்க முன்னால் வந்து வரிசை கட்டிவிட்டது. முன்வரிசையினர் தானாகவே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் துண்டைச் சரிசெய்தார். கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் சத்தமும் போட்டுவிட்டேன். ஆறுமுகசாமி என்று ஒரு பெரியவர், பொங்கல் வச்சவிய வேண்டாம், பொங்கச் சோறு மட்டும் வேணுமாக்கும் என்று முனகிக்கொண்டே எல்லாரையும் கூட்டிக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் போனார். அந்த நேரம் மேற்கே மேகத்துக்குக் கீழே ஒரு கோடு வெயில் இறங்கியது. தண்ணீர் முழுக்க மஞ்சள். பனைமரங்கள் தண்ணீருக்குள்ளும் நின்றன. கொக்குகள் வந்து அமர்ந்தன, யாரும் சொல்லாமலே.

ஒரு தடவைதான் அமுக்கினேன். வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன். தங்கச்சாமி பொங்கல் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து ஊதிவிட்டான்.

டிசம்பர் 9, திங்கள்

படத்தில் ஆள் இருக்கிறது.

வலது பக்கம் கீழே, கரையோரம், புள்ளி மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தேன். பிரித்திகா. செருப்பு சேற்றில் புதைந்திருக்கிறது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் குடை, இன்னொரு கையால் செருப்பைப் பிடித்து இழுக்கிறாள். வாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரிந்திருக்கிறது. சிரிக்கிறாளா, கண்மாயைத் திட்டுகிறாளா, தெரியவில்லை.

ஊரையே விரட்டினேனே, பெத்த பிள்ளைய விரட்ட மறந்துட்டேனே! இத்தனை மாசம் ஆளில்லாத ஒரு படத்துக்காகச் சேத்துல கிடந்து உருண்டு — கடைசியில இவ வந்து கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கா.

சின்னப் புள்ளிதான். அழித்துவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. அழிக்க உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது.

டிசம்பர் 10, செவ்வாய்

மழை. கரண்ட் இன்னும் வரவில்லை. கேமராவிலிருந்து செல்போனுக்கு ஏற்றி வைத்திருந்த படத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு அனுப்பினேன். செவப்பு மரத்தைக் குறை சொன்னவர், இதைப் பார்க்கட்டும். ஒன்றும் எழுதவில்லை. சும்மா படம் மட்டும்.

டிசம்பர் 12, வியாழன்

அண்ணாச்சி போன் பண்ணினார். பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

"வே லிங்கராஜ். மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்காம்."

"எது?"

"பொண்ணுதான், வேற எது?"

"எந்தப் பொண்ணு?"

"உம்ம பொண்ணு வே. போட்டோ அனுப்புனீருல்லா?"

நடந்தது இதுதான். அவர் மாதக்கணக்கில் பிரித்திகா போட்டோவுக்குக் காத்திருந்தார். என்னிடமிருந்து ஒரு படம் வந்ததும், அதுதான் என்று நினைத்து அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குத் தள்ளிவிட்டுவிட்டார். கண்ணாடி போடாமல் பார்த்தாராம். எப்போதும் போல ஏரி தெரிந்ததாம், அது முன்னால் பெண் இருக்கும் என்று நம்பிவிட்டாராம்.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஆட்டுக்காரக் குடும்பம். பையன் பெயர் செல்வகணேஷ், மாட்டாஸ்பத்திரியில் ஆய்வாளர். அம்மா சொர்ணத்தாய் படத்தைப் பார்த்துத் தண்ணியுள்ள ஊரு, முடிச்சிருவோம் என்றாராம். பையன்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடியிருக்கிறான். கண்டுபிடித்துவிட்டு, செருப்பை விடாமல் இழுக்கிற பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொன்னானாம்.

இதைப் பிரித்திகாவிடம் யார் சொல்வது? சுந்தரம்மாள் உடனே அடுப்படிக்குள் போய்விட்டாள்.

டிசம்பர் 13, வெள்ளி

சொன்னேன்.

என்னக் கேக்காம எப்படி அனுப்புனீங்க என்று கத்தினாள். அனுப்பியது ஏரியைத்தான், நீ தற்செயலாக உள்ளே இருந்தாய் என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. நான் தற்செயலா என்று கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றைக்கு வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றியது நான். திரியை எண்ணெயில் நனைக்காமல் ஏற்றி அதுவும் கெட்டது.

டிசம்பர் 14, சனி

காலையில் தானாக வந்து உட்கார்ந்தாள். படத்தைக் காட்டச் சொன்னாள். பெரிதாக்கினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒருத்தரும் தாடைய இறக்கச் சொல்லாம எடுத்த என் போட்டோ இது ஒண்ணுதாம்பா."

அப்புறம் சொன்னாள்: சரி, அந்தப் பையன் போட்டோவும் இப்படியே வேண்டும். கோட்டு, கண்ணாடி, மலர்க்கொத்து எதுவும் கூடாது. அவன் வேலையில் இருக்கும்போது யாராவது எடுத்து அனுப்பட்டும். அண்ணாச்சியிடம் சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை என்றார்.

டிசம்பர் 15, ஞாயிறு

போட்டோ வந்துவிட்டது. ஒரு கிடாயின் வாயைப் பிளந்து பிடித்து மருந்து ஊற்றுகிறான். மருந்து பாதி அவன் சட்டையில். கிடாயின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. பையனுக்கு ஒரு காதும் அரைக் கன்னமும்தான் தெரிகிறது. வெளிச்சம் கொடுமை. எடுத்தவர் யாரோ, கேமராவைத் தொடவே கூடாது.

பிரித்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். பேசிப் பார்க்கிறேன் என்று நம்பரை வாங்கிக்கொண்டாள்.

நாளை மார்கழி. ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். எனக்கு மார்கழி மேல் இவ்வளவு பிரியம் முன்பு இருந்ததில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

மொட்டை மாடியில் போனில் பேசுகிறாள். தண்ணீர் டேங்கைப் பார்ப்பதற்காக நானும் அடிக்கடி மேலே போகிறேன். டேங்கு நன்றாக இருக்கிறது. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்ல, இவள் கேட்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி வருவதற்கு முன்னாலேயே நான் எழுந்து சொல்லிவிட்டேன்: அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது, என் மாமனாருக்கும் கிடையாது, மச்சினனுக்கு இருப்பதெல்லாம் மானாவாரிக் காடு. விளாத்திகுளம் கதை எனக்கு மறுபடி வேண்டாம். மூச்சுவிடாமல் சொன்னேன். பூவனலிங்கம் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொர்ணத்தாய் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "தண்ணி யாரு பேர்ல இருந்தா என்ன அண்ணாச்சி. ஆடு குடிக்கலாம்லா?" என்றார்.

குடிக்கலாம் என்றேன். அப்படியானால் பார்த்துவிட்டு வருவோம் என்று எழுந்துவிட்டார். மொத்தக் கூட்டமும் ஒரு வேனில் கண்மாய்க்குப் போனது. அவர் தண்ணீரில் இறங்கிக் கை நிறைய அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். தங்கச்சாமி பக்கத்தில் நின்று தன் ஆடுகளின் குணநலன்களைச் சொன்னான். பெண்ணைப் பற்றி அன்றைக்குப் பேச்சு வந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லை.

பிரித்திகாவும் அந்தப் பையனும் கரைமேல் நடந்து போனார்கள். இரண்டு பேரும் செருப்பைக் கையில் வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்து தண்ணீர் தகதகவென்று இருந்தது. என் கையில் கேமரா. இருவரும் சரியாகப் படத்துக்கு நடுவில் நின்றார்கள். நான் தள்ளிப் போகச் சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, உனக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்டேன். சம்மதம்பா என்றாள். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், குழம்புக்கு உப்புச் சரியா என்று நான் கேட்டது போல.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்மாய்ப் படத்தை ஃபிளக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும். செவப்பு மரத்தைக் கழற்றிச் சுருட்டிவிட்டேன். தங்கச்சாமி ஆட்டுக் கொட்டகைக்கு மழை மறைப்பாக வேண்டும் என்று கேட்டிருந்தான், கொடுத்துவிட்டேன்.

படத்தை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளியை அழிக்க வேண்டும். நாளைக்கு ஊரார் பிள்ளைகள் நிற்கப் போகிற ஸ்கிரீன். பின்னால் இன்னொரு பெண் செருப்பு இழுத்துக்கொண்டு நின்றால் யார் பணம் கொடுப்பார்கள்? பெரிதாக்கினேன். மவுஸைப் பிடித்தேன். ஒரு தட்டுத் தட்டினால் அவள் போய்விடுவாள், அந்த இடத்தில் கரிசல் வந்துவிடும்.

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படியே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஸ்கிரீன் மாட்டியாகிவிட்டது. சுவரை அடைத்துக்கொண்டு கண்மாய். பிரித்திகாவை வரச் சொல்லி, ஏரி தயார், சொன்ன வாக்குப்படி முன்னால் வந்து நில் என்றேன். அவள் கிட்டே போய்க் கீழே குனிந்து பார்த்தாள்.

"நாந்தான் உள்ளயே நிக்கேனப்பா. இன்னும் எதுக்கு முன்னால?"

நிற்காமலே போய்விட்டாள். இந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது என் ஸ்டூடியோவில் நிற்க வைத்து எடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. போட்டோவுக்குச் சாத்தூரிலிருந்து ஒரு ஆளைப் போட்டிருந்தோம். குடும்பப் படம் எடுக்கும்போது, அப்பா ஏன் இப்படி முறைக்கீங்க, கொஞ்சம் சிரிங்க என்று என்னைச் சொன்னான். எனக்கே. சிரித்தேன். எப்படி விழுந்திருக்கிறதோ.

ஜூன் 10, செவ்வாய்

எட்டயபுரத்துக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கூப்பிடு தூரம்தான். எல்லாரும் அதையே சொல்லித் தேற்றுகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் டேங்கைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி பிறந்ததும் ஸ்டூடியோவில் கூட்டம். பூவனலிங்கம் அண்ணாச்சி அனுப்பிய பெண் ஒன்று மதியம் வந்தது, பெயர் சந்தனமாரி. கூடவே அவள் அம்மா. கண்மாய் ஸ்கிரீன் வைத்துத்தான் எடுக்க வேண்டுமாம், அது ராசி என்று ஊரில் பேச்சாம். பெண் மருதாணிக் கையைக் கோத்துக்கொண்டு போய் நின்றாள். லைட்டைப் போட்டேன். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முகம் நன்றாக இருந்தது, தாடையும் சரியாக இருந்தது, அவளாகவே லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லை.

"கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லும்மா" என்றேன்.

தள்ளி நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

லைட் சரியா விழலையோ அண்ணாச்சி என்று அவள் அம்மா கேட்டார்.

ஆமா, லைட்டுதான் என்றேன். பின்னால எம் பிள்ளை மறையுது என்று எப்படிச் சொல்ல.